நல்ல பனி உண்டு, வேகம் வரணும்

ஒரு மொழி அறவே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்து இல்லை. அவன் வாயைத் திறக்க மாட்டான். நன்றாகத் தெரிந்தவனாலும் ஆபத்து இல்லை. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, 'எனக்கா தெரியாது?' என்று நெஞ்சை நிமிர்த்துகிறானே, அவனைத்தான் தூணில் கட்டி வைக்க வேண்டும். பிள்ளைகளே, முப்பத்திரண்டு வயதில் என்னைக் கட்டி வைக்க ஆள் இல்லாமல் போயிற்று. அதனால் வந்த வினையை இப்போது சொல்லுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். என் வீட்டில் முப்பது வருஷமாகச் சிரிக்கிறார்கள்.

அப்போது நான் இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்பு வாத்தியார். நானே ஏழாம் வகுப்பு வரைதான் படித்தவன். எங்கள் ஊர் அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. நாங்கள் பேசுவது தமிழ். சர்க்கார் காகிதம் வருவது மலையாளத்தில். நான் ஒரு மலையாள முதல் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யாருடைய துணையும் இல்லாமல் எழுத்துப் படித்திருந்தேன். ஆகவே நோட்டீஸ் எது வந்தாலும் தெருவே அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வரும். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். வார்த்தை தமிழ் மாதிரி இருந்தால் தமிழ் அர்த்தத்தைச் சொல்வேன். தமிழ் மாதிரி இல்லாவிட்டால், "இது சட்ட வார்த்தை, உங்களுக்கு விளங்காது" என்று மடித்துக் கொடுத்துவிடுவேன். (பல வருஷம் இப்படியே ஓடியது. அதனால் யாரும் ஜெயிலுக்குப் போனதாகத் தகவல் இல்லை.)

ஒரு மார்ச் மாதம், மிஷன் பங்களாவிலிருந்து பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், நோட்டுக்கு அட்டை போட. அதில் ஒரு வர்ணப் படம். வெள்ளை வெளேரென்று ஒரு மலை. அடியில் சரிந்த கூரை வீடுகளாக ஒரு சின்ன ஊர். மலையிலிருந்து துரைமாரும் துரைசானிமாரும் காலில் நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு, கையில் கம்பு ஊன்றிச் சறுக்கி வருகிறார்கள். அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு சறுக்குகிறார்கள். படத்தின் கீழே இருந்த ஆங்கிலத்தில் எனக்கு இரண்டு வார்த்தை விளங்கிற்று. ஒன்று பனி. இன்னொன்று விடுமுறை.

என் மூளை உடனே வேலை செய்தது. (அது வேலை செய்கிற நாட்களில்தான் எங்கள் வீட்டில் விபத்து நடக்கும்.) எங்கள் மிஷன் துரைமார் ஏப்ரல் பிறந்தால் வெயிலுக்குப் பயந்து மலைக்குப் போய்விடுகிறார்கள். படத்தில் இருப்பவர்களும் துரைமார். பின்னால் இருப்பதும் மலை. ஆக, கோடை விடுமுறைக்கு மலைக்குப் போனால் பனி இருக்கும். பனி இருந்தால் சறுக்கலாம். துரை சறுக்கும்போது வாத்தியார் ஏன் சறுக்கக் கூடாது?

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தேன். என் மூன்று பிள்ளைகளும் அதன்மேல் விழுந்தார்கள். மூத்தவள் எஸ்தருக்கு ஒன்பது வயது. சாமுவேலுக்கு ஏழு. கடைக்குட்டி தாசனுக்கு நாலு. அவன் படத்தை நக்கிப் பார்த்து, "இனிக்கல்ல" என்றான்.

என் மனைவி ஞானம் மட்டும் படத்தைத் தூர வைத்துப் பார்த்தாள். அவள் பணகுடிக்காரி. ஒவ்வொரு கோடை லீவுக்கும் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குப் போவது அவள் வழக்கம். அந்த வருஷம் அவளுடைய தங்கை தலைப்பிள்ளையோடு அங்கே வந்திருந்தாள். அந்தக் குழந்தையை ஞானம் இன்னும் பார்க்கவில்லை.

"நெசமாவே இது நம்ம மலையிலயும் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஏட்டி, நான் விசாரிக்காமச் சொல்லுவனா?" என்றேன். (அதுவரை யாரிடமும் விசாரிக்கவில்லை.)

அவள் படத்தை என்னிடம் திருப்பித் தந்தாள். "சரி. இந்த ஒரு வருசம் நீங்க சொல்லுதபடி வாரேன். என் தங்கச்சி பிள்ளையப் பாக்காம வாரேன். ஆனா ஒண்ணு. அங்க போயி நீங்க சொன்னது இல்லன்னு ஆச்சு, அதோட சரி. இனி எந்த லீவுக்கு எங்க போறதுன்னு நான்தான் சொல்லுவேன். சாகுத மட்டும். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். இமயமலையே பின்னால் வந்து நின்றதுபோல் அவ்வளவு தைரியம்.

எந்த மலைக்குப் போவது? அதற்கும் என்னிடம் ஆள் இருந்தது. வர்க்கி என்று ஒருவர், திருவனந்தபுரத்துக்கு வடக்கே மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரைட்டர், அதாவது கணக்கெழுதுகிறவர். இரண்டு வருஷம் முன்னால் எங்கள் சபைக் கூட்டத்துக்கு வந்தபோது என் வீட்டில் தங்கிச் சாப்பிட்டு, "ஒருக்கல் எங்களுடெ மலைக்கு வரணம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் மலையாளத்துக்காரர். தமிழ் பேசினால் கொஞ்சம் புரிந்துகொள்வார், வாசிக்கத் தெரியாது. ஆகவே அவருக்கு மலையாளத்திலேயே கடிதம் எழுதினேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய கடிதம் அது. இன்றும் எனக்கு மனப்பாடம்:

"எண்டெ குட்டிகள் பனி கண்டிட்டில்ல. அவிடெ பனி உண்டோ? நல்ல பனி உள்ள சமயம் நோக்கி வரான் எங்களுக்கு வலிய ஆசை. பார்யையும் குட்டிகளும் கூடெ வரும்."

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. தெருவில் நாலு பேரை வைத்துக்கொண்டு உரக்க வாசித்து, வரிக்கு வரி அர்த்தம் சொன்னேன்.

"'சாரின்டெ நல்ல மனசு கண்டு ஞங்ஙள் கரஞ்ஞு போயி.' அதாவது, என் நல்ல மனதைக் கண்டு அவர்கள் கரைந்து போனார்களாம். பனி ஊர்க்காரர்கள் அல்லவா? கரைந்துதான் போவார்கள். 'இவிடெ இப்போள் நல்ல பனி உண்டு. எல்லா வீட்டிலும் பனி. வேகம் வரணம். கம்பிளி கொண்டுவரணம்.' கேட்டியளா? எல்லா வீட்டுலயும் பனி! கூரை தெரியாதபடி மூடியிருக்கும்."

ஞானம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அன்று பின்னேரமே கம்பிளிகளை வெயிலில் உதறிப் போட்டாள். எனக்கு அது போதும்.

அடுத்தது பலகை. எங்கள் ஊர் பொன்னையா ஆசாரியிடம் படத்தைக் காட்டி, அயினி மரத்தில் இரண்டு ஜோடி கேட்டேன். ஆளுயரத்துக்கு மேலே ஒரு முழம் நீளம்.

"முன்பக்கம் வளைஞ்சுல்லா இருக்கு? வள்ளம் மாதிரி" என்றார் ஆசாரி.

"வளைக்கணும்."

"அயினியை அப்பிடியெல்லாம் வளைக்க ஏலாது சாரே. நேராத் தாறேன். நீங்க வளைஞ்சு குடுங்க."

நேராகவே தந்தார். நாலு நேர் பலகைகள். வழவழவென்று இழைத்து, எண்ணெய் தேய்த்து, பார்க்க அம்சமாக இருந்தன.

படித்தவன் பழகிப் பார்க்காமல் எதிலும் இறங்கக் கூடாது என்பது என் கொள்கை. பனி இல்லாவிட்டால் என்ன, எங்கள் கடற்கரையில் தென்னை உயரத்துக்கு மணல்மேடு இருக்கிறதே! ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளைகளையும் பலகைகளையும் கொண்டு அங்கே போனேன். மேட்டின்மேல் ஏறி, கயிறு வைத்துக் காலில் கட்டி, இரண்டு உலக்கைகளை ஊன்றி எழுந்து நின்றேன்.

கீழே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டு நிமிர்ந்தார்கள்.

"ஏலே மக்கா, ஓடி வா! வாத்தியாரு காலுக்கு ஒண்ணாக் கட்டுமரம் கெட்டியிருக்காரு!"

"சாரே, கடலு அங்கோட்டாக்கும்! நீங்க கரையப் பாத்து நிக்கியளே!"

"தொடுப்பு வேற ரெண்டு கொண்டு வந்திருக்காரு பாரு." (தொடுப்பு என்றால் துடுப்பு. அவர் சொன்னது உலக்கைகளை.)

நான் அவர்களைக் கவனிக்கவில்லை. படத்தில் இருந்த துரையைப் போலவே சிரித்துக்கொண்டு ஓர் உந்து உந்தினேன். வலது பலகை புறப்பட்டது. இடது பலகைக்கு அந்த உத்தேசம் இல்லை. ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு ஊர்களுக்குப் போக முடியாது என்பதை அன்று கண்டேன். அதற்குப்பின் வானம் ஒரு தடவை தெரிந்தது, மணல் ஒரு தடவை தெரிந்தது, மறுபடி வானம். கடைசியில் மேட்டின் அடியில், பாயில் காயப் போட்டிருந்த நெத்திலியின் மத்தியில் போய் உட்கார்ந்தேன்.

மீன்காரி ஒருத்தி கையைத் தலையில் வைத்தாள். "ஏ சாரே, நெத்திலி வேணும்னா கேட்டு வாங்கப்பிடாதா? மேல இருந்து சாடியா எடுக்கணும்?" (சாடி என்றால் குதித்து.)

அவளுக்கு நெத்திலி பொறுக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஞானம் மூன்று தடவை குளிக்க வைத்தாள். "இன்னும் மலைக்குப் போகணுமா?" என்று கேட்டாள். "மணல் சொரசொரப்பு. பனி வழுக்கும். அதுதான் வித்தியாசம்" என்று விளக்கினேன். என் காதிலிருந்து ஒரு நெத்திலித் தலை விழுந்தது.

பள்ளிக்கூடம் மூடுகிற அன்று, என்னோடு வேலை பார்த்த தேவசகாயம் சார் வந்தார். அவர் குழித்துறைக்கு மேற்கே உள்ளவர். பேச்சில் பாதி மலையாளம்.

"லீவுக்கு மலைக்கா போறீரு?" என்றார்.

"ஆமா. அங்க இப்ப நல்ல பனியாம். வீட்டுக்கு வீடு பனியாம்."

அவர் முகம் மாறிற்று. "பிள்ளியளையும் கொண்டா போறீரு?"

"அதுகதான் பனி பாக்கணும்னு துடிக்குதுக."

அவர் கிட்டே வந்தார். கண் கலங்கியிருந்தது. "ஓய், உம்ம நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன். பொறுத்துக்கிடும்" என்று கையைப் பிடித்தார். மறுநாள் காலையில் ஒரு குப்பி கொய்னா மாத்திரையைக் கொண்டுவந்து தந்தார். "பனிக்கு இதைப்போல ஒண்ணு கிடையாது" என்றார். பொறாமை பிடித்த மனிதர் என்று நான் நினைத்திருந்தவர் இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே என்று மகிழ்ந்து வாங்கி வைத்தேன். கொய்னா கசக்கும், கசப்பு உடம்புக்குச் சூடு, சூடு பனிக்கு நல்லது. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்த காலம் அது.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு பஸ். அங்கிருந்து மலையடிவாரத்துக்கு இன்னொரு பஸ். அதற்கு மேல், தேயிலைப் பெட்டி ஏற்ற வருகிற மாட்டு வண்டி. பலகைகள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தன. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. புகைபோல மேகம் சாலையில் இறங்கி வந்தது. "பாத்தியா, தொடங்கியாச்சு" என்றேன். சாமுவேல் கம்பிளியை எடுத்து அப்போதே போர்த்திக்கொண்டான். ஞானம்கூட ஒரு தடவை சிரித்தாள்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் பச்சை. வெள்ளையாகத் தெரிந்தது வர்க்கியின் வேட்டி மட்டும்தான்.

தொழிலாளிகளின் வீடுகள் வரிசையாக நின்றன, லயம் என்பார்கள். அதன் முன்னால் இருபது முப்பது பேர் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். வண்டியைக் கண்டதும் கை கூப்பினார்கள். வண்டிக்காரர் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். கூட்டம் இரண்டு அடி பின்னால் போயிற்று. ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

வர்க்கி, பலகை எதற்கு என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "சாரே, ஈ பலகை எந்தினா?"

"ஒரு ஆளுக்கு ரெண்டு" என்றேன் பெருமையாக. "கயிறும் கொண்டு வந்திருக்கேன், கெட்டுகதுக்கு."

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "தெய்வமே! சாரே, இதுவரை ஆரும் மரிச்சிட்டில்ல!"

சவப்பெட்டிக்குப் பலகை கொண்டுவந்திருக்கிறேன் என்று எண்ணிவிட்டார்கள். நான் அதையும் பிடித்துக்கொள்ளவில்லை. சறுக்கி விழுந்து யாரும் சாகவில்லை என்று சொல்லுகிறார் போலும் என்று நினைத்து, "பயப்படாதீங்க, நான் பழகியிருக்கேன்" என்று தைரியம் சொன்னேன். பிறகு நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டேன். "எங்கே பனி?"

"வரணம்" என்று என் கையைப் பிடித்து ஒரு வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஒரு மனிதர் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். கட்டில் கடகடவென்று ஆடிற்று.

"கண்டோ? நல்ல பனி" என்றார் வர்க்கி.

நான் கூரையைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். வர்க்கி என் கையை எடுத்து அந்த மனிதரின் நெற்றியில் வைத்தார். அதற்கு முன்னால் தோசைக்கல் தோற்றது.

"சுடுகே! பனின்னா குளிரில்லையா இருக்கணும்?"

"குளிரும் உண்டு சாரே. முதலில் குளிர். பின்னெ சூடு. பின்னெ வேர்ப்பு."

சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே கிடந்த பலகைகளைப் பார்த்தார்.

"அய்யோ சாரே! இது மஞ்ஞல்லே! மஞ்ஞு!"

பிள்ளைகளே, மலையாளத்தில் பனிக்குப் பேர் மஞ்ஞு. பனி என்றால் காய்ச்சல். அவர் எழுதிய 'கரஞ்ஞு' என்றாலோ அழுது என்று அர்த்தம், கரைந்து அல்ல. நான் எழுதிய கடிதத்தை இப்போது மறுபடி வாசித்துப் பாருங்கள். 'என் பிள்ளைகள் காய்ச்சலைப் பார்த்ததில்லை. உங்கள் ஊரில் காய்ச்சல் உண்டா? நல்ல காய்ச்சல் உள்ள சமயம் பார்த்துக் குடும்பத்தோடு வர எங்களுக்குப் பெரிய ஆசை.' உலகத்திலே எந்த மகான் இப்படி எழுதியிருக்கிறார்? நோயாளிகளுக்கு ஊழியம் செய்ய வருகிறேன் என்று வர்க்கி எண்ணிக்கொண்டு, தோட்டமெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். அந்தக் கூப்பிய கைகள் அதற்குத்தான். தேவசகாயம் சாரின் கண்ணீரும், காய்ச்சலுக்குக் கொடுக்கிற அந்தக் கொய்னாவும் அதற்குத்தான்.

வாசலில் ஞானம் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். நான் பேச வாயெடுத்தேன்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள். "என் தங்கச்சி பிள்ளையை விட்டுட்டு, காய்ச்சல் பாக்கக் கூட்டியாந்திருக்கிய."

"இப்பவே எறங்கிப் போயிருவோம்" என்றேன்.

"வண்டி போயிட்டு. இனி அடுத்த சனிக்கெழமதானாம்." அவள் லயத்து ஜனங்களைப் பார்த்தாள். அவர்கள் இன்னும் கையைக் கூப்பியபடியே நின்றார்கள். "இந்த ஆளுகள்ட்ட நான் என்னன்னு சொல்ல? எங்க வீட்டுக்காரர் சறுக்கி விளையாட வந்தாருன்னா?"

சேலையைத் தூக்கிச் செருகினாள். பிள்ளைகளை லயத்தைவிட்டுத் தள்ளி, மேட்டிலிருந்த வர்க்கியின் வீட்டில் கொண்டு விட்டாள். கம்பிளிகளை நடுக்கம் எடுத்தவர்களுக்குப் போர்த்தினாள். பெரிய அண்டாவைத் தேடிக் கண்டுபிடித்துக் கஞ்சி வைத்தாள். என் அயினிப் பலகைகளைக் கல்லின்மேல் தூக்கிப் போட்டு, அதன்மேல் கஞ்சிக் கலயங்களை வரிசையாக வைத்தாள். அவை அதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தின. தேவசகாயம் சாரின் குப்பி ஒரே நாளில் தீர்ந்தது. அதற்குள் தோட்டத்து மருந்தும் வந்து சேர்ந்தது. நான் விறகு வெட்டினேன், தண்ணீர் சுமந்தேன், ஞானம் சொன்னதைச் செய்தேன். அதிலே எனக்கு மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் எனக்குக் குளிர்ந்தது. பிறகு சுட்டது. பிறகு வேர்த்தது. வர்க்கி சொன்ன வரிசை தவறவில்லை. சாமுவேல் ஜன்னலுக்கு வெளியே நின்று, "அம்மா, அப்பாவுக்குப் பனி வந்தாச்சு!" என்று கூவினான். அந்த ஊரிலேயே அதைச் சந்தோஷமாகச் சொன்னவன் அவன் ஒருவன்தான். போர்த்த ஒரு கம்பிளியும் மிச்சமில்லை. ஞானம் தன் சேலைகள் இரண்டை என்மேல் போட்டு, மடியில் என் தலையைத் தூக்கி வைத்துக் கஞ்சி கொடுத்தாள். பயந்திருந்தாள். குரலில் தெரியவிடவில்லை. "குடிங்க. மலை நல்லா இருக்கா?" என்றாள்.

சாகவில்லை. லயத்திலும் யாரும் சாகவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. சனிக்கிழமை வண்டி ஏறும்போது, முதல் நாள் அழுத அதே பெண் ஞானத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் பேசினாள். ஞானம் திரும்ப மலையாளத்திலேயே பேசினாள். எட்டு நாளில் கஞ்சியும் கையுமாக நின்று, கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டுவிட்டாள். என் பலகைகளை அங்கேயே கேட்டார்கள், கொடுத்துவிட்டு வந்தோம்.

ஒப்பந்தப்படி அன்றே என் ஆட்சி முடிந்தது. வீட்டுக்குக்கூட வராமல் நேரே பணகுடிக்கு விடச் சொன்னாள். தங்கையின் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கூடியிருந்த அவள் ஜனங்கள் எல்லோருக்கும் கதையை நடித்தே காட்டினாள். என்னைப்போல் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சுடுகே!" என்றாள். என் மாமனார் சிரித்து வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

அடுத்த கோடைக்கு எங்கே போவது என்று அவள் சொல்லக் காத்திருந்தேன். "மலைக்கு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் முதல் பாடப் புத்தகத்தில் எழுத்தும் படித்துக்கொண்டு, வர்க்கியின் மனைவிக்கு அவளே மலையாளத்தில் கடிதம் எழுதி, பனி இல்லை என்று பதில் வாங்கி, அதை இரண்டு தடவை வாசித்த பிறகுதான் புறப்பட்டோம். அதற்குள் தெருவிலும் காரியம் மாறிப்போயிருந்தது. நோட்டீஸ் கொண்டு வருகிறவர்கள் வாசலில் என்னைக் கண்டால், "சாரே, அம்மா இருக்காவளா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போவார்கள்.

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் காய்ச்சல் வந்தது கிடையாது. நாங்கள் மலைக்குப் போவோம், அவ்வளவுதான். "அக்கா மலைக்குப் போயிருக்கா, சத்தம் போடாதே." "மலையிலேருந்து எறங்கியாச்சா? ரசம் வேணுமா?" பேரப்பிள்ளைகள் வரை இதே பேச்சு.

இது வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூன்றாம் வகுப்பில் சாமுவேல் என்னிடமே படித்தான். ஒரு நாள் எஸ்தர் அவனுடைய லீவுக் கடிதத்தைக் கொண்டுவந்து, வகுப்பின் நடுவே என் மேஜைமேல் வைத்தாள். 'ஐயா, நான் நேற்று முதல் மலைக்குப் போயிருப்பதால் இரண்டு நாள் விடுமுறை தர வேண்டுகிறேன்' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தான். அந்தச் சமயம் பார்த்துத் தலைமை ஆசிரியர் உள்ளே வந்து, அதை எடுத்து வாசித்தார்.

"என்ன ஓய், உம்ம மகனை இப்பம்தானே உம்ம வீட்டு முற்றத்துல கண்டேன்? போர்த்திக்கிட்டு இருந்தானே! மலைக்குப் போயிருக்கான்னு எழுதியிருக்கு?"

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. அடுத்த அறையிலிருந்து தேவசகாயம் சார் தலையை நீட்டினார். நான் சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். கடிதத்தை இன்னொரு தடவை முழுக்க வாசித்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

"வாஸ்தவம்தான் சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.